நீலத்திரையைப் பழிக்கலாமா?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

கணிப்பொறிக்கு வரும் எல்லா நோய்க்கும் நம் ஊரில் ஒரே மருந்துதான் வழங்கி வருகிறது. அதன் பெயர் ஃபார்மட். மெதுவாக ஓடுகிறதா? ஃபார்மட். அச்சுப்பொறி பேச மறுக்கிறதா? ஃபார்மட். பார்த்துக் கொண்டிருக்கும்போதே திரை முழுதும் நீலமாகி, வெள்ளை எழுத்தில் ஏதோ சொல்லிவிட்டு, தானே அணைந்து தானே எழுகிறதா? கேட்கவே வேண்டாம்; ஃபார்மட்டேதான். சந்தையில் சர்வரோக நிவாரணி விற்பவரிடம்கூட இரண்டு மூன்று குப்பிகள் இருக்கும். கணிப்பொறி வைத்தியரிடம் இருப்பதோ ஒரே குப்பி!

இந்த மருந்தை நான் எதிர்க்கிறேன். மருந்தே கூடாது என்பதன்று என் வாதம். நோய் இன்னதென்று அறியுமுன் கொடுக்கும் மருந்து கூடாது என்பதே. அதிலும் நீலத்திரை விஷயத்தில் இந்த அவசரம் இரட்டைக் கேடாக முடிகிறது. வீட்டில் இருந்த கோப்புகளும் போகின்றன. வந்த நோயும் போகாமல் இருக்கிறது. ‘வரலாறு படிக்கும் உனக்கு இந்த வம்பு எதற்கு? கணிப்பொறித் துறை மாணவர்கள் எழுதட்டுமே’ என்று சிலர் கேட்கக்கூடும். சான்றுகளை நாள்வாரியாக வரிசைப்படுத்தி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பொய்ச் சான்றை ஒதுக்கி, நடந்தது இன்னதென்று முடிவு கட்டுவது எங்கள் துறையின் வேலை. நீலத்திரைக்கு முதலில் வேண்டியதும் அதுதான். ஸ்குரூ டிரைவர் பிறகு வருகிறது.

அந்தத் திரை எதற்காக வருகிறது என்பதைப் பார்ப்போம். கணிப்பொறியின் உள்ளே ஓடும் நிரல்கள் எல்லாம் ஒரே தகுதி உடையவை அல்ல. ஒரு கோயிலை எண்ணிக் கொள்ளுங்கள். வெளிப் பிராகாரத்தில் யாரும் நடக்கலாம், உட்காரலாம், தடுக்கியும் விழலாம்; அதனால் பூசை நிற்பதில்லை. நாம் கட்டுரை எழுதும் நிரல், பாட்டுக் கேட்கும் நிரல், இணையம் பார்க்கும் நிரல் எல்லாம் அந்தப் பிராகாரத்து மக்கள். அவற்றில் ஒன்று விழுந்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கருவறையில் இருப்பது கெர்னல் எனப்படும் இயக்க முறைமையின் கரு. நினைவகத்தில் எந்த இடம் யாருக்கு, எந்த வேலை முதலில், எது பின்னால் என்ற கணக்கெல்லாம் அதன் கையில். அதனோடு கருவறைக்குள் நுழைய உரிமை பெற்றவை டிரைவர் என்னும் சிறு நிரல்கள்: திரைக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, வட்டுக்கு ஒன்று. இந்தக் கருவறைக்குள் கணக்குப் பிசகிவிட்டால் தொடர்ந்து ஓடுவது ஆபத்து. எங்கே எதை எழுதுகிறோம் என்று அறியாமல் எழுதத் தொடங்கினால், நல்ல கோப்பின்மேல் குப்பையை எழுதிவிடும். ஆகவே விண்டோஸ் அந்தக் கணமே வேலையை நிறுத்துகிறது, நின்ற காரணத்தை வட்டில் குறித்து வைக்க முயல்கிறது, திரையில் அறிவிக்கிறது. திருடனைக் கண்டு மணியடித்து ஊரைக் கூட்டிய காவலாளி அது. அந்தக் காவலாளியைத்தானே நாம் வாய்க்கு வந்தபடி திட்டுகிறோம்!

இந்தத் திரைக்கும் ஒரு சிறு வரலாறு உண்டு. 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. 3.1-இல் இதனை எழுதியவர் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஜான் வெர்ட். நீலம் துயரத்தின் நிறம் என்றெல்லாம் அவர் ஆராயவில்லை. அவர் முன்னால் இருந்த மிப்ஸ் வகைக் கணிப்பொறி எழும்போது காட்டிய திரையும், அவர் நிரல் எழுதிய ஸ்லிக்எடிட் என்னும் கருவியும் நீலத்தில் வெள்ளை எழுத்து உடையவையாக இருந்தன. அதே நிறத்தை இதற்கும் வைத்தார். அவ்வளவே. 1998 ஏப்ரலில் சிகாகோ நகரில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், விண்டோஸ் 98-இன் பெருமையைப் பில் கேட்ஸ் விளக்கிக் கொண்டிருந்தபோது, அவருடைய உதவியாளர் கிறிஸ் கபோசெலா ஒரு ஸ்கேனரைச் செருகினார். ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் திரை நீலமாயிற்று. அரங்கம் சிரித்தது, இதனால்தான் இன்னும் விற்பனைக்கு அனுப்பவில்லை போலும் என்று கேட்ஸும் சிரித்துச் சமாளித்தார். உலகப் பெருஞ்செல்வர் வீட்டு அடுப்பிலும் பால் பொங்கி வழியும் என்பதற்கு இது போதாதா? 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது விளக்கத்தைச் சுருக்கி, சோக முகம் ஒன்றைப் பெரிதாக வைத்தார்கள். 2025-இல் விண்டோஸ் 11-இல் நீலத்தையே நீக்கிக் கறுப்பாக்கும் மாற்றத்தைக் கொண்டுவந்தார்கள். சோக முகமும் போயிற்று. நிறம் போனதில் எனக்கு வருத்தமில்லை. பிழையின் பெயரும், பழுதான டிரைவரின் பெயர் தெரிந்தால் அதுவும் அந்தக் கறுப்புத் திரையில் இருக்கின்றன, அது போதும். பழக்கம் கருதி இக்கட்டுரையில் நீலம் என்றே எழுதுகிறேன்.

இனி, நான் அருகிலிருந்து கண்ட ஒரு நிகழ்ச்சி. முதுகலைத் தமிழ் படிக்கும் நண்பர் ஒருவர் வீட்டில் பழைய மேசைக் கணிப்பொறி ஒன்று உண்டு. குடும்பம் நெசவுக் குடும்பம். தந்தையின் பாவு, கூலிக் கணக்கு அதில். தங்கையின் வேலை விண்ணப்பங்கள் அதில். நண்பரின் ஆய்வேடும் அதில். ஊரூராகப் போய்ப் பாட்டிமார்களிடம் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்து, அந்தக் கணிப்பொறியின் முகப்பில் ஒரு கோப்புறை போட்டுச் சேர்த்து வைத்திருந்தார். பொங்கல் கழிந்த வாரத்தில் நீலத்திரை வரத் தொடங்கியது. சில நாள் வராது. சில நாள் மூன்று முறை வரும். எழுதும்போதும் வரும், சும்மா இருக்கும்போதும் வரும்.

கடைக்குத் தூக்கிப் போனார். அங்கே நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன்.

“தம்பி, ஓ.எஸ். கரப்ட் ஆயிடுச்சு. ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்.”

“அண்ணே, என் ஃபைல் எல்லாம்?”

“டி டிரைவ்ல இருக்கிறது போகாது தம்பி. சி மட்டும்தான் அழிப்போம்.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் முகப்பில் நாம் வைக்கும் கோப்புகளும், ‘டாக்குமென்ட்ஸ்’ என்ற கோப்புறையில் உள்ளவையும் நாம் மாற்றி வைத்தாலொழிய சி பகுதியில்தான் இருக்கின்றன என்பதை அந்த அண்ணன் சொல்லவில்லை; நண்பருக்குத் தெரியவும் இல்லை. மாலையில் கணிப்பொறி புதுப்பெண் போல வந்து சேர்ந்தது. கோப்புறையைக் காணோம். அழிந்ததை மீட்கும் நிரல்களை ஓட்டிப் பார்த்தோம். சில கோப்புகளின் பெயர் வந்தது, குரல் வரவில்லை. கைப்பேசியிலோ இடம் போதாமல் முன்பே அழித்துவிட்டிருந்தார். பெரும்பாலான பாடல்களை மறுபடி போய்ப் பதிவு செய்துகொள்ள முடிந்தது. ஆனால் பதினோரு ஒப்பாரிகளைப் பாடிய ஒரு மூதாட்டி அதற்கு முந்திய மாதமே காலமாகிவிட்டார். அந்தப் பதினொன்றும் போயின. பழைய ஏடுகளைப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விட்ட கதையை டாக்டர் உ.வே.சாமிநாதையர் வருந்தி எழுதியதைப் பாடமாகப் படித்துவிட்டு, ‘அந்தக் காலத்து அறியாமை’ என்று நாம் பேசிக் கொள்கிறோம்!

சரி, போனது போகட்டும், நோயாவது தீர்ந்ததா? ஒன்பதாம் நாள் நீலத்திரை மீண்டும் வந்தது. மறுபடியும் கடை, ‘வைரஸ் தம்பி’ என்று மறுபடியும் ஃபார்மட். மூன்றாம் முறை, ‘மதர்போர்டு போயிருக்கும், வேற வாங்கிடுங்க’ என்ற தீர்ப்பு. ஒவ்வொரு முறையும் ஐந்நூறு ரூபாய். நெசவாளி வீட்டில் ஐந்நூறு ரூபாய் எத்தனை நாள் கூலியில் மிச்சம் பிடிப்பது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கட்டத்தில்தான் நாங்கள் இருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு உட்கார்ந்தோம். முதல் வேலை, அந்தத் திரையை நிற்க வைப்பது. விண்டோஸ் தானாகவே மீண்டும் எழும்படி அமைக்கப்பட்டிருப்பதால், படிப்பதற்குள் திரை மறைந்துவிடுகிறது. சிஸ்டம் அமைப்புகளில் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’ என்ற இடத்தில், தானாக எழுவதற்கான குறியை நீக்கிவிட்டால், நாம் அணைக்கும்வரை திரை அசையாமல் நிற்கும். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக் கொள்ளலாம். அத்துடன் ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் சி பகுதியில் விண்டோஸ் கோப்புறைக்குள் ‘மினிடம்ப்’ என்ற இடத்தில் ஒரு சிறு குறிப்பும் சேர்கிறது. அதைப் படித்துக் காட்ட வின்டீபக் என்ற கருவியை மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தருகிறது. அது கடினமாகத் தோன்றினால் புளூஸ்கிரீன்வியூ என்ற சிறிய நிரல் போதும். ‘ரிலையபிலிட்டி மானிட்டர்’ என்று தேடினால், எந்த நாளில் எது விழுந்தது, எந்த நாளில் எது புதிதாகச் சேர்க்கப்பட்டது என்று நாள்வரிசையாகவே காட்டும் பக்கம் ஒன்றும் உள்ளே இருக்கிறது. வரலாற்று மாணவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

இரண்டு வாரத்தில் ஏழு குறிப்புகள் சேர்ந்தன. பழைய நூல் ஒன்றைப் பதிப்பிப்பவர் பல ஏடுகளைப் பரப்பி வைத்துப் பாடபேதம் பார்ப்பாரே, அதுபோல ஏழையும் பரப்பினோம். ஒன்றில் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று இருந்தது. இன்னொன்றில் ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’. அதாவது, இல்லாத இடத்தில் இருப்பதாக எண்ணி எதையோ தேடியது. மற்றொன்றில் ‘ஐ.ஆர்.கியூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்வல்’. தொடக்கூடாத நேரத்தில் தொடக்கூடாத முகவரியைத் தொட்டது. பழி சுமத்தப்பட்ட டிரைவரோ ஒவ்வொரு முறையும் வேறு வேறு. ஒருநாள் திரைக்கு உரியது, ஒருநாள் வைஃபைக்கு உரியது, ஒருநாள் வட்டுக்கு உரியது.

இங்கேதான் சிந்திக்க வேண்டும். ஒரே டிரைவரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அந்த டிரைவரைச் சந்தேகிக்கலாம். நீக்கலாம், பழைய பதிப்புக்குப் போகலாம், தயாரிப்பாளரிடமிருந்து புதியதை எடுத்துப் போடலாம். ஆனால் ஊரில் ஏழு வீட்டில் ஏழு பேருக்கு வயிற்றுவலி வந்தால் ஏழு சமையற்காரர்களையும் குற்றம் சொல்வோமா? எல்லோரும் தண்ணீர் எடுத்த கிணற்றைப் பார்ப்போம். எல்லா டிரைவர்களும் தண்ணீர் எடுக்கும் கிணறு நினைவகம். ராம் என்று நாம் அழைக்கிறோமே, அந்தப் பச்சைப் பலகை.

நினைவகத்தைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச நிரல் ஒன்று உண்டு. அதன் சிறப்பு என்னவென்றால், அது விண்டோஸ் இல்லாமலே ஓடுவது. ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணிப்பொறியை எழுப்ப வேண்டும். நினைவகத்தின் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றை எழுதி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். விண்டோஸே ஓடாத நேரத்தில் பிழை வந்தால், விண்டோஸை எத்தனை முறை அழித்து எழுதினாலும் பயனில்லை என்பது அப்போதே தெளிவாகிவிடும் அல்லவா? நண்பர் வீட்டில் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். நாற்பது நிமிடத்தில் திரையில் சிவப்பு வரிகள்!

அந்தக் கணிப்பொறியில் நான்கு ஜி.பி. பலகைகள் இரண்டு இருந்தன. அடுத்த இரவு ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் சோதித்தோம், விடியும்வரை பிழையில்லை. அதற்கடுத்த இரவு மற்றொன்று, சிவப்பு. பலகை கெட்டதா, அது உட்காரும் பள்ளம் கெட்டதா என்ற ஐயம் எஞ்சியது. கெட்டதாகத் தோன்றியதை வேறு பள்ளத்தில் வைத்தோம், அங்கும் சிவப்பு. நல்லதை அந்தப் பள்ளத்துக்கு மாற்றினோம், சுத்தம். பலகையின் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, தூசு தட்டி மீண்டும் வைத்துப் பார்த்தோம். பல கணிப்பொறிகளுக்கு இதுவே போதுமானதாக இருக்கும், இதற்குப் போதவில்லை. பலகை கெட்டதுதான். அதை எடுத்துவிட்டு, கெட்ட நினைவகத்தோடு நிறுவப்பட்ட விண்டோஸின் கோப்புகள் சிதைந்திருக்கலாம் என்பதால் ‘எஸ்.எஃப்.சி. ஸ்கேன்நவ்’ என்ற கட்டளையைக் கொடுத்துச் சரிபார்த்தோம். சில கோப்புகள் சிதைந்தே இருந்தன. அதுவே திருத்திக் கொண்டது. எட்டு மாதமாயிற்று, நீலத்திரை வரவில்லை. மதர்போர்டு அப்படியே இருக்கிறது.

‘காரணமில்லாமல் வருகிறது’ என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதையும் ஒருவாறு விளக்கிவிடுகிறேன். எட்டு ஜி.பி. நினைவகத்தில் ஏறத்தாழ 6,870 கோடி பிட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றே ஒன்று மட்டும் எப்போதும் ஒன்று என்ற நிலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பதாக வைத்துக் கொள்வோம். அந்த இடத்தில் ஒரு திரைப்படத்தின் துளி வந்து உட்கார்ந்தால், ஒரு புள்ளியின் நிறம் சற்று மாறும், யாரும் கவனிக்கமாட்டார்கள். உங்கள் கட்டுரையின் ஓர் எழுத்து உட்கார்ந்தால் எழுத்துப்பிழை, உங்கள்மேல்தான் பழி! கெர்னல் நம்பியிருக்கும் ஒரு முகவரி உட்கார்ந்தால், அந்தக் கணமே நீலத்திரை. எது எங்கே உட்காரும் என்பது ஒவ்வொரு நாளும் மாறுகிறது. ஆக, பழுது இருக்கும் இடத்தில் மாற்றமில்லை, விருந்தாளிதான் மாறுகிறார். ஃபார்மட்டுக்குப் பிறகு சில நாள் நன்றாக ஓடியதற்கும் வேறு மாயம் கிடையாது.

சில வேளை உண்மையிலேயே தற்செயலாகவும் பிட்டுகள் புரள்வது உண்டு. 1978-இல் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த திமோதி மே, முர்ரே வுட்ஸ் என்ற இருவர், நினைவகச் சில்லுகளை மூடியிருந்த உறையில் அணு அளவில் கலந்திருந்த கதிரியக்கப் பொருள்களிலிருந்து கிளம்பும் ஆல்ஃபா துகள்கள் பிட்டுகளைப் புரட்டுகின்றன என்று கண்டு சொன்னார்கள். வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் அவ்வாறு செய்யக்கூடும். ஆனால் கூகுள் நிறுவனத்தின் கணிப்பொறிகளில் இரண்டரை ஆண்டுக் காலம் திரட்டிய விவரங்களைக் கொண்டு 2009-இல் வெளிவந்த ஆய்வு வேறொன்றையும் காட்டியது. ஆண்டொன்றுக்கு 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நினைவகப் பலகைகளில் பிழை தோன்றியது. அப்பிழைகளில் பெரும்பான்மை வானத்துக் கதிரால் அல்ல, பலகையின் நிலையான பழுதால் வந்தவை என்பது ஆய்வாளர் முடிவு. எனவே விதியின்மேல் பழி போடுமுன் பலகையைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

எல்லா நீலத்திரையும் நினைவகத்தால் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2003-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விண்டோஸ் எக்ஸ்.பி.யில் பதிவான வீழ்ச்சிகளில் 85 விழுக்காடு டிரைவர்களால் வந்தவை என்று குறித்திருக்கிறார்கள். இப்போது நிலை எவ்வளவோ திருந்தியிருக்கிறது. ஆனாலும், புதிய பொருள் ஒன்றைச் செருகிய மறுநாள், அல்லது புதுப்பித்தல் நடந்த மறுநாள் தொடங்கிய நீலத்திரை என்றால் அந்தப் பக்கமே முதலில் திரும்ப வேண்டும். உறக்கத்திலிருந்து எழும்போது மட்டும் வருகிறது, விளையாட்டு ஆடும்போது மட்டும் வருகிறது என்பன போன்ற செய்திகளும் சாட்சிகளே. நீலமே தெரியாமல் பொட்டென்று அணைந்துவிட்டால், அது பெரும்பாலும் மின்சாரமும் வெப்பமும் சார்ந்த கதை. எஸ்.எம்.பி.எஸ். தர வேண்டிய 12, 5, 3.3 வோல்ட்டுகள் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. மின்னழுத்தம் ஆடும் தெருவில், பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு, மின்கலம் செத்துப்போன யு.பி.எஸ்.ஸை நம்பி ஓடும் கணிப்பொறி என்ன செய்யும், பாவம்! மேலும், அக்கினி நட்சத்திரத்தில் பகலில் விழுந்து இரவில் நன்றாக ஓடினால், விசிறியில் அடைந்திருக்கும் பஞ்சையும் தூசையும் எடுத்தாலே போதுமானதாக இருக்கலாம்.

‘மலிவான பொருள் வாங்கினால் இப்படித்தான்’ என்று சொல்வோரும் உண்டு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகளில் விலை உயர்ந்தவையே நிலைகுலைந்து விழுந்தன. விளையாட்டு நிரலைக் குற்றம் சொன்னார்கள். திரை அட்டையின் டிரைவரைக் குற்றம் சொன்னார்கள். எத்தனையோ பேர் அழித்து அழித்து நிறுவினார்கள். செயலிக்கு அளவுக்கு மீறிய மின்னழுத்தம் போனதே காரணம் என்று 2024-இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, திருத்தமும் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தை மேலும் இரண்டு ஆண்டு நீட்டியது. விலை ஒரு சாட்சியன்று.

எனக்கு மிகவும் உதவும் சான்று 2024 ஜூலை 19 அன்று நடந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான கோப்பு, கருவறைக்குள் நுழையும் உரிமை பெற்ற அதன் டிரைவரைத் தடுமாற வைத்தது. மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் ஒரே நாளில் நீலமாயின. மருத்துவமனைகள், வங்கிகள், விமான நிலையங்கள் எல்லாம் திணறின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த 85 லட்சத்தையும் ஃபார்மட் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? செய்ய வேண்டியிருந்தது என்ன? பாதுகாப்பு முறையில், அதாவது சேஃப் மோடில் எழுப்பி, 291 என்ற எண் தாங்கிய அந்தக் கோப்பை அழித்து, மீண்டும் எழுப்புவது. ஒரே ஒரு கோப்பு! வட்டு பூட்டப்பட்டிருந்த கணிப்பொறிகளுக்கு மட்டும் அதன் திறவு எண்ணைத் தேட வேண்டியிருந்தது. காரணம் தெரிந்தபோது மருந்து எவ்வளவு சிறிதாகிவிடுகிறது பாருங்கள்.

கடைக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மாலைக்குள் வேண்டும் என்று நாம் நிற்கிறோம். ஃபார்மட்டுக்கு ஒரு மணி நேரம். நினைவகச் சோதனைக்கு ஓர் இரவு. ஓர் இரவுக்குரிய கூலியை நாம் கொடுப்போமா? ஐந்நூறு ரூபாய்க்கு ஐந்நூறு ரூபாய் வைத்தியம்தான் கிடைக்கும். ஃபார்மட் தீர்த்து வைக்கும் நோய்களும் உண்டு. வைரஸ் ஊறிப்போனதும், பத்து வருடக் குப்பை சேர்ந்ததும் அவ்வாறே. நான் கேட்பதெல்லாம் முறை மாறக் கூடாது என்பதுதான். முதலில் படி எடுத்தல், பிறகு குறித்தல், பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல். ஒரே நாளில் டிரைவரையும் மாற்றி, பலகையையும் மாற்றி, விண்டோஸையும் மாற்றிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்பவருக்கு, எது நோய் என்பது கடைசிவரை தெரியப் போவதில்லை. அடுத்த முறை மூன்றையும் மறுபடி மாற்றுவார்.

நம் கல்லூரியில் பலர் வீட்டில் இருப்பது ஒரே கணிப்பொறி. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காளோ பெற்றதை இன்னமும் தம்பி தங்கைகள் ஓட்டிக் கொண்டிருக்கும் வீடுகளும் உண்டு. ஆய்வேடும் உதவித்தொகை விண்ணப்பமும் அதில்தான். எனவே நம் பேராசிரியப் பெருமக்களுக்கு மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன்.

ஆய்வேடு தொடங்கும் நாளிலேயே, வேறு இடத்தில் ஒரு படி வைத்திருக்கிறாயா என்று வழிகாட்டிகள் கேட்க வேண்டும்; அத்தியாயம் கேட்பதுபோலவே அதையும் கேட்க வேண்டும். மெம்டெஸ்ட் ஏற்றிய பென் டிரைவ் இரண்டு, நூலகத்தில் அகராதி இரவல் தருவதுபோல இரவல் தரப்பட வேண்டும். நிரல் இலவசம், பென் டிரைவின் விலை ஒரு நாவலின் விலை. மூன்றாவதாக, கணிப்பொறிக் கூடத்தில் ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு நாற்பது பக்க நோட்டு நூலில் கட்டித் தொங்கட்டும். நாள், மணி, திரையில் இருந்த பெயர், அப்போது என்ன செய்து கொண்டிருந்தார், அதற்கு முன் என்ன மாற்றப்பட்டது என்று ஐந்து பத்திகள். கூடத்தின் கடைசி வரிசையில் சன்னலோரம் இருக்கும் இயந்திரம் சென்ற பருவம் முழுதும் விழுந்து விழுந்து எழுந்தது. இரண்டு முறை துடைத்து எழுதினார்கள் என்று கேள்வி. முதல் நோட்டை அதில் கட்டலாம். பேனாவையும் சேர்த்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் நாளே காணாமற் போய்விடும்.